கண்புரை ஆபரேஷன்: எந்த ஆஸ்பத்திரி, எதைப் பார்த்து முடிவு செய்வது?

வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று தெரிந்த அன்றே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சித்தப்பா மதுரைக்குக் கூட்டிப்போகச் சொல்வார். அத்தை மகன், சென்னையில் இப்போது லேசரிலேயே எடுக்கிறார்கள் என்பான். எதிர் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டரிடமே செய்துகொண்டு மூன்றாம் நாள் பேப்பர் படித்ததாகச் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் குழப்பமே.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரும்பாலும் நான்கு இடங்கள் இருக்கின்றன: அரசு மருத்துவமனை, அறக்கட்டளை நடத்தும் பெரிய கண் மருத்துவமனை, ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் தனியார் நிறுவனம், நம் ஊரிலேயே ஒற்றை டாக்டர் நடத்தும் கிளினிக். இவற்றை ஒப்பிடும்போது எல்லாரும் முதலில் கேட்பது மெஷின் என்ன, லென்ஸ் என்ன, எவ்வளவு ஆகும் என்பதைத்தான். என் கட்சி வேறு. சிக்கல் இல்லாத புரையை எடுத்து லென்ஸ் வைக்கும் வேலை, கை தேர்ந்த டாக்டருக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் நான்கு இடங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசமெல்லாம் அதற்கு முன்னால் கண்ணை எப்படிச் சோதிக்கிறார்கள், அதற்கப்புறம் நோயாளியை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதில்தான். மெஷினைவிட இந்த இரண்டும்தான் பார்வையைத் தீர்மானிக்கின்றன.

சோதனையை எடுத்துக்கொள்வோம். உள்ளே வைக்கப்போகும் லென்ஸுக்குப் பவர் கணக்கிட, கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளக்க வேண்டும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடிப் பவர் இரண்டரை, மூன்று வரை மாறிப்போகும். ஒளியைக் கொண்டு அளக்கும் கருவி கண்ணைத் தொடுவதில்லை. ஒலியலையைக் கொண்டு அளக்கும் பழைய ஏ-ஸ்கேனில் முனையைக் கருவிழிமேல் வைத்து அளப்பார்கள். வைக்கிறவர் கொஞ்சம் அழுத்திவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். புரை ரொம்ப முற்றிய கண்ணில் ஒளி உள்ளே போகாது, அங்கே ஏ-ஸ்கேன்தான் வழி. எந்தக் கருவி என்பதைவிட, இரண்டு கண்ணையும் அளந்தார்களா, சந்தேகம் வந்தபோது மறுபடி அளந்தார்களா என்பது முக்கியம். மற்றக் கண்ணை அளக்காமல் ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் பவர் எழுதித் தருகிற இடத்தில் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

அடுத்தது, கண்பாப்பா விரிய மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது. பத்து, பதினைந்து வருடமாகச் சுகர் உள்ளவருக்குப் புரை மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. புரைக்குப் பின்னால் விழித்திரை கெட்டிருந்தால், ஆபரேஷன் அருமையாக நடந்தும் பார்வை வராது. அப்போது வீடே டாக்டரைத் திட்டும். இதை முன்கூட்டியே பார்த்து, 'அம்மா, புரையை எடுத்தால் வெளிச்சம் கூடும், ஆனால் எழுத்துப் படிக்கிற அளவுக்கு வருமா என்று உறுதி சொல்ல முடியாது' என்று சொல்கிற டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

மாத்திரைப் பையை மொத்தமாகக் கொட்டிப் பார்க்கிறார்களா என்பதும் நல்ல அடையாளம். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் கொடுப்பார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆபரேஷன் நடுவில் கருவிழிக்குப் பின்னாலுள்ள கண்பாவைத் திரை தொளதொளவென்று ஆகி, பாப்பா திடீரெனச் சுருங்கிவிடலாம். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக உட்காருவார். 'மூத்திரம் போறதுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா, ஐயா?' என்று ஓ.பி.யில் ஒரு நர்ஸ் கேட்டால், அந்த ஆஸ்பத்திரியில் யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும். நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

அரசு மருத்துவமனை என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் தொடங்கிய 1805க்குப் பதினான்கு வருடம்தான் பிந்தியது. உலகத்தின் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. கண் மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறவர்கள் பலர் கை பழகுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் லென்ஸ் உட்பட இலவசமாகவே செய்கிறார்கள். சிக்கலான கண் வந்தால் பொதுமருத்துவரும் இதய டாக்டரும் அதே வளாகத்தில் இருப்பார்கள். மூச்சிரைப்பு, இதய வீக்கம் என்று உடம்பில் பல கோளாறு உள்ளவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

குறை எங்கே என்றால், பேசுவதற்கு ஆள் இல்லை. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு கட்டடம், ஈசிஜிக்கு இன்னொரு கட்டடம் என்று அலைய, கூடவே தெம்புள்ள ஆள் வேண்டும். யார் ஆபரேஷன் செய்வார் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பயிற்சி டாக்டர் செய்யலாம், மேற்பார்வையில். சிகிச்சை மோசம் என்று சொல்ல மாட்டேன். விளக்கம் கிடைப்பது அரிது, அவ்வளவுதான். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் அந்தக் குறை பாதி தீரும்.

அறக்கட்டளை மருத்துவமனை என்றால் முதலில் நினைவுக்கு வருவது மதுரை அரவிந்த். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே கண்ணுக்குள் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர். காசு கொடுப்பவர்களின் வருமானத்தில் கொடுக்க முடியாதவர்களுக்குச் செய்வது என்பது அங்கே முதலிலிருந்தே வழக்கம். சென்னை சங்கர நேத்ராலயா 1978இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கியது. விழித்திரை, சிக்கலான கண்கள் என்றால் நாடு முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களின் பலம் கூட்டம்தான் என்றால் விசித்திரமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மதுரையில் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் முடிக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போவார். நர்ஸ்களில் பெரும்பாலோர் சுற்று வட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்து, அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். கண்ணாடிப் பவர் பார்ப்பவர், அளவெடுப்பவர், ஆபரேஷன் பற்றி விளக்குபவர் என்று ஆளுக்கொரு வேலை. தினம் அதையே செய்வதால் கை தவறுவது குறைவு. நெற்றியில் எந்தக் கண் என்று அடையாளம் ஒட்டியிருக்கும். அப்படியும் வழியில் பார்க்கிற ஒவ்வொருவரும் பெயரையும் 'எந்தக் கண்ணுங்க?' என்பதையும் கேட்பார்கள். பாட்டிமார்களுக்கு எரிச்சல் வரும், 'எத்தனை பேருக்குத்தான் சொல்றது' என்று. சொல்லட்டும். தப்பான கண்ணில் கை வைக்காமலிருக்க அதைவிட நல்ல வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கூட்டம் பெரிதாக இருப்பதில் இன்னொரு லாபம், கணக்கு கிடைக்கும். ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணுக்குள்ளேயே கொஞ்சம் செலுத்திவிட்டால் தொற்று குறையுமா என்று அரவிந்த் டாக்டர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை வைத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். செலுத்தாதவர்களில் 0.07 சதவீதம், செலுத்தியவர்களில் 0.02 சதவீதம். பத்தாயிரத்தில் ஏழு கண் இரண்டாகக் குறைந்தது. சின்ன எண்ணாகத் தெரியும். அந்த ஏழில் ஒன்று நம் வீட்டுக் கண்ணாக இருந்தால் சின்னதாகத் தெரியாது.

ஆனால் கூட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. காலை ஏழு மணிக்குப் போனால் மதியம் ஆகிவிடும். பார்த்த டாக்டரையே அடுத்த முறை பார்ப்போம் என்று சொல்ல முடியாது. காது கேட்காத, பதற்றப்படுகிற பெரியவருக்கு அந்த வேகம் மிரட்சியைத் தரும். எல்லாமே சரியாக நடந்திருக்கும். ஆனால் 'என்னை யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை' என்ற வருத்தத்தோடு வீடு திரும்புவார்.

கிளை வைத்து நடத்தும் தனியார் இடங்கள் சரியாக இதற்கு நேரெதிர். குளிர்ந்த வரவேற்பறை, காபி, பெயர் சொல்லி அழைக்கும் பணிப்பெண், சொன்ன நேரத்துக்கு டாக்டர். கருவிகளும் பெரும்பாலும் புதியவை. இன்ஷூரன்ஸ் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். (பெரும்பாலான பாலிசிகளில் புரைக்கு இரண்டு வருடக் காத்திருப்பும், ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. பாலிசியைப் படித்துவிட்டு லென்ஸ் தேர்ந்தெடுப்பது நல்லது.)

எனக்கு அங்கே தயக்கம் வருவது கவுன்சலிங் அறையில். மேசைமேல் பளபளவென்று ஓர் அட்டை வைப்பார்கள். இடப்பக்கம் சாதாரண லென்ஸ், நடுவில் இன்னும் நல்லது, வலப்பக்கம் கடைசியில் கண்ணாடியே தேவைப்படாத லென்ஸ். விலை இருபதாயிரம், முப்பதாயிரத்தில் ஆரம்பித்து வலப்பக்கம் போகப்போக லட்சத்தைத் தாண்டும். அட்டையை நோயாளி பக்கம் வைக்காமல் மகன் பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். 'அம்மாவுக்கு பெஸ்ட்டா கொடுத்துடலாம் இல்லையா, சார்?' அந்த இடத்தில் எந்த மகன் இல்லை என்பான்?

தூரம், கிட்டம் இரண்டுக்கும் பார்வை தரும் மல்டிஃபோகல் லென்ஸ் பொய்யில்லை, பலருக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் அது உள்ளே வரும் வெளிச்சத்தைப் பங்கு போட்டுத்தான் வேலை செய்கிறது. இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். மங்கிய வெளிச்சத்தில் பார்வைத் துல்லியம் கொஞ்சம் குறையும். விழித்திரைக் கோளாறோ கண் பிரஷரோ உள்ளவருக்குப் பொதுவாக ஏற்றதில்லை. ஒற்றைக் குவியமுள்ள சாதாரண லென்ஸில் தூரப் பார்வை அருமையாக இருக்கும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். நாற்பது வயதிலிருந்து மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டே பூக்கட்டிய அம்மாவுக்கு அதைத் தொடர்வதில் என்ன கஷ்டம்? அட்டையைக் காட்டும்போது 'எங்கள் அம்மா ராத்திரி என்ன செய்வார், எவ்வளவு படிப்பார்' என்று அவர்கள் கேட்டார்களா? கேட்காமலே வலப்பக்கத்தைக் காட்டினால் அது விற்பனை. லென்ஸ் விலை குறைந்ததற்கு மதுரைக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்: 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் உள்ளூரிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பிக்கும்வரை, வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாக் கனிதான்.

லேசர் விஷயமும் இப்படியே. ஃபெம்டோ லேசர் ஆபரேஷனின் சில கட்டங்களைச் செய்யும். புரையை உடைத்து உறிஞ்சி எடுக்க ஃபேகோ எனப்படும் அல்ட்ராசவுண்ட் மெஷினும் டாக்டரின் கையும் வேண்டியதுதான். பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஃபேகோவைவிட இது மேலான பலன் தரவில்லை, செலவுதான் கூடுதல் என்று தெரிந்தது. அத்தை மகனிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, அது வேறு.

இன்னொரு பக்கம், இலவசப் பிரிவில் மெஷின் இல்லாமல் கையாலேயே, ஆறேழு மில்லிமீட்டர் வெட்டில், தையல் இல்லாமல் செய்வார்களே, அது மட்டமா? நேபாளத்தில் டாக்டர் சந்துக் ரூயித் குழு இந்தக் கை முறையையும் ஃபேகோவையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கண்ணாடியோடு நல்ல பார்வை வந்தவர்கள் இரண்டிலுமே 98 சதவீதம். பாறை மாதிரி இறுகிப்போன புரைக்குப் பல டாக்டர்கள் கை முறையையே பாதுகாப்பு என்பார்கள். ஃபேகோவில் வெட்டு மூன்று மில்லிமீட்டருக்கும் கீழே, சீக்கிரம் ஆறும், கண்ணாடியில் உருளைப் பவர் (சிலிண்டர்) குறைவாக வரும். இவ்வளவுதான் வித்தியாசம். காசில்லாததால் அப்பாவுக்குக் குறைந்த சிகிச்சை கொடுத்துவிட்டோம் என்று யாரும் மனசு கஷ்டப்பட வேண்டாம்.

ஊர் கிளினிக் பற்றி நான் நினைப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆபரேஷனுக்குப் பிந்திய கவனிப்பில் நான்கில் அதுதான் முதலிடம், டாக்டர் நல்லவராக அமைந்தால். சோதித்தவரே கத்தி பிடிக்கிறார், மறுநாள் கட்டையும் அவரே பிரிக்கிறார். ராத்திரி பத்து மணிக்குக் கண் வலித்தால் அவருடைய போனே ஒலிக்கும். ஆனால் அங்கே ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: 'புரையின் துண்டு பின்னால் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள், டாக்டர்?' லென்ஸைத் தாங்குகிற மெல்லிய உறை கிழிவது எவ்வளவு கை தேர்ந்தவருக்கும் எப்போதாவது நடக்கும். துண்டு விழித்திரைப் பக்கம் போய்விட்டால் அதை எடுக்க விழித்திரை நிபுணர் வேண்டும். 'இன்ன ஊரில் இன்ன டாக்டரிடம் அன்றே அனுப்பிவிடுவேன்' என்று தயங்காமல் சொல்கிறவரை நம்பலாம். 'எனக்கு அப்படியெல்லாம் ஆனதே இல்லை' என்கிறவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

சுத்தம் பற்றி நோயாளி எதை வைத்துத் தெரிந்துகொள்வது? தியேட்டருக்குள் நம்மை விட மாட்டார்கள். ஆனாலும் சில கண்ணில் படும். கண்ணில் அயோடின் மருந்து விட்டுச் சில நிமிடம் வைக்கிறார்களா (பழுப்பு நிறம், சுருக்கென்று எரியும்), ஒவ்வொருவருக்கும் கருவிகள் தனியாகக் கிருமி நீக்கப்படுகின்றனவா என்று கேட்டால் முகம் மாறாமல் பதில் வருகிறதா. கேட்க வெட்கப்படக் கூடாது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் முகாம் போட்டு ஆள் சேர்த்துச் செய்த ஆபரேஷன்களில் 60க்கும் மேற்பட்டோர் தொற்றால் பார்வை இழந்தார்கள். முகாமில் கண்ணைப் பரிசோதிப்பது நல்ல காரியம்; ஆனால் ஆபரேஷன் நடக்கும் இடம் எது, ஒரு வாரம் கழித்து யார் வந்து பார்ப்பார்கள் என்று தெரியாமல் வண்டியில் ஏறக் கூடாது.

ஆபரேஷன் முடிந்தபின் வீட்டில் நடப்பதுதான் நான் பார்த்தவரை அதிகம் சொதப்புகிற இடம். சொட்டு மருந்து முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து என்று இறங்குமுகமாக ஆறு வாரம் வரை போகலாம். நல்ல ஆஸ்பத்திரி இதைக் கட்டம் போட்ட தாளில் தமிழில் எழுதித் தருவதோடு நிற்காது; கூட வந்தவரை உட்கார வைத்து, கையில் பாட்டிலைக் கொடுத்து, 'இப்ப விட்டுக் காட்டுங்க' என்று சொல்லும். கீழ் இமையை மெதுவாக இழுத்து, பை மாதிரி ஆகிற இடத்தில் ஒரு சொட்டு; பாட்டில் முனை இமையில் படக் கூடாது; அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. இதைச் செய்ய வைக்காத இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்வேன். அதே மாதிரி, வலி கூடினால், கண் சிவந்தால், நேற்றைவிட இன்று மங்கலாகத் தெரிந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையும்.

ஆகவே யாருக்கு எது? தனியாக இருக்கும், வேறு கோளாறு இல்லாத பெரியவருக்கு, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய நல்ல டாக்டர் இருந்தால் நான் நூறு கிலோமீட்டர் பயணத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று மூன்று தடவையாவது போயாக வேண்டும். தூரம் அதிகமானால் கடைசிப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுகர் நெடுநாளாக இருப்பவர், கண் பிரஷர் உள்ளவர், ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை போய் மிச்சக் கண்ணில் ஆபரேஷன் என்றிருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பிரிவும் உள்ள பெரிய அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போகலாம். கையில் காசு இல்லை, கூட அலைய ஆள் இருக்கிறது என்றால் அரசு மருத்துவமனைக்குப் போகத் தயங்கவே வேண்டாம்; கடன் வாங்கிப் பேக்கேஜ் எடுப்பது தேவையில்லாத வேலை. வேலைக்குப் போகிற, லீவு கிடைக்காத, இன்ஷூரன்ஸ் உள்ள ஐம்பது வயதுக்காரருக்குத் தனியார் கிளை வசதிதான், அட்டையின் இடப்பக்கத்தைத் தைரியமாகக் காட்டத் தெரிந்தால்.

இரண்டாவது கண்ணை அதே இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. முதல் கண் அனுபவம் பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். போகும்போது கண் அளவெடுத்த தாளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சம்மரியில் லென்ஸ் பெட்டியிலிருந்து கிழித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்க வேண்டும்: கம்பெனி, மாடல், பவர், வரிசை எண். ஒட்டாமல் கொடுத்தால் அங்கேயே நின்று ஒட்டி வாங்குங்கள். முதல் கண்ணில் எந்தப் பவர் வைத்து எவ்வளவு பார்வை வந்தது என்று தெரிந்தால், இரண்டாவது கண்ணுக்கு டாக்டர் கணக்கைத் திருத்திக்கொள்வார். மாதங்களோ வருடங்களோ கழித்து லென்ஸுக்குப் பின்னாலுள்ள உறையில் மறுபடி மங்கல் படிந்தால், யாக் லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். 'புரை திரும்ப வந்துவிட்டது, இன்னொரு ஆபரேஷன்' என்று யாராவது சொன்னால் இந்தத் தாள்களோடு வேறொரு டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.